திறப்பும் இல்லை, ஸ்டியரிங்கும் திரும்பவில்லை: பழைய காருக்கு எந்த வழி?

திறப்புத் தொலைந்த பழைய காருக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், கொழும்பில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து யோசனை கிடைத்துவிடும். சந்தியில் நிற்கும் த்ரீவீல்காரர் தனக்குத் தெரிந்த திறப்பு வெட்டுகிறவரின் நம்பரைத் தேடுவார். அடுத்த வீட்டு ஐயா, பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் திறப்போடு பழைய லொக் ஒன்று வாங்கி மாற்றிவிடச் சொல்வார். கராஜ்காரர் ட்ரில்லைக் கொண்டு வரவா என்று கேட்பார். இங்கிலாந்தில் இருக்கும் மச்சான், "திறப்பு நம்பரை அனுப்பு, இங்க வெட்டி அனுப்புறன்" என்று வட்ஸ்அப்பில் எழுதுவார். இவர்களோடு எப்படியும் ஒருவர் வந்து, "ரெண்டு பேர் சேர்ந்து வீலை ஒரு முறுக்கு முறுக்கினா லொக் உடைஞ்சிடும்" என்று சட்டைக் கையை மடிப்பார்.

கடைசி ஆளைத் தவிர மற்ற நால்வர் சொல்வதும் செய்யக்கூடிய வழிதான். எந்தக் காருக்கு எது என்பதில்தான் குழப்பம். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முடிந்தவரை பூட்டைத் தொடாதீர்கள், திறப்பைச் செய்யுங்கள். பழைய காரின் பெரிய வசதியே அதன் திறப்பு வெறும் உலோகத் துண்டு என்பதுதான். உள்ளே சிப் இல்லை, கம்பியூட்டரில் பதிய வேண்டியதும் இல்லை. சரியான வெற்றுத் திறப்பும் நல்ல அரமும் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் 40, 50 வருடத்துக்கு முந்தைய ஸ்டியரிங் பூட்டை ஒருமுறை உடைத்துவிட்டால் அதே பூட்டு திரும்பக் கிடைப்பது அதிர்ஷ்டம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சொந்தக் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் மூலையில் கிடந்த பழைய கார்களும் மதிப்பு ஏறி, பாகங்களும் தேடித் திரிய வேண்டிய பொருளாகிவிட்டன.

அதற்காக எல்லா இடத்திலும் இந்தக் கட்சி செல்லாது. பூட்டே தேய்ந்து போன கார் இருக்கிறது, திறப்பு யாரோ எடுத்துப் போன கார் இருக்கிறது. அவற்றுக்கு வேறு கணக்கு.

முதலில், உங்கள் காரில் ஸ்டியரிங் லொக் இருக்கிறதா?

வேடிக்கையான கேள்வி இல்லை. கொழும்பில் பழைய கார் என்றவுடன் கண்ணில் படுவது மொரிஸ் மைனர். 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை வந்த அந்தக் காரில், கடைசிக் காலத்து வண்டிகளைத் தவிர, ஸ்டியரிங் லொக் கிடையாது. திறப்பு டாஷ்போர்டில் உள்ள சுவிட்சுக்குள் போகும், ஸ்டியரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒஸ்டின் ஏ40, பழைய மினி போன்றவையும் அப்படித்தான். திறப்புப் போகும் துளை டாஷ்போர்டில் இருந்து, வீலும் சும்மா சுற்றுகிறது என்றால் உங்கள் பிரச்சினை பாதியாகிவிட்டது.

ஜெர்மன் கார்கள் இதில் முன்னாடி. மேற்கு ஜெர்மனியில் 1960களின் தொடக்கத்திலேயே ஸ்டியரிங் லொக் கட்டாயமாகிவிட்டது, அதுவும் புதுக் கார்களுக்கு மட்டுமில்லாமல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த கார்களுக்கும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் 1969 மாடல்களில் போடத் தொடங்கியது. பிரிட்டனில் 1971 முதல் புதுக் கார்களில் வந்தது. ஆகவே 1970களுக்குப் பிந்தைய டட்சன் சன்னி, டொயோட்டா கொரோலா, லான்சர், பேஜோ 504, பென்ஸ் என்று எதை எடுத்தாலும், திறப்புத் துளை ஸ்டியரிங் குழாயின் பக்கத்தில் இருந்தால் லொக் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. லொக் இல்லாத காருக்கு முன்னைய சொந்தக்காரர் யாராவது வேறொரு காரின் லொக்கைப் பொருத்தியிருப்பார். அப்போது கார் ஒரு நாடு, பூட்டு ஒரு நாடு. பூட்டின் உடம்பில் அச்சிட்டிருக்கும் பெயரைப் பாருங்கள்: நெய்மான், பிரிட்டாக்ஸ், வாசோ என்று ஏதாவது இருக்கும். வெற்றுத் திறப்புத் தேடும்போது காரின் பெயரைவிட இந்தப் பெயர்தான் உதவும்.

லொக் வேலை செய்யும் விதம் எளிது. குழாய்க்குள் ஓடும் ஸ்டியரிங் தண்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. பூட்டுக்குள் ஸ்பிரிங் தள்ளும் ஒரு இரும்புத் தாழ் இருக்கிறது. திறப்பை வெளியே எடுத்ததும் அந்தத் தாழ் தண்டை நோக்கி வருகிறது. வீலைத் திருப்பும்போது பள்ளம் நேராக வந்தால் 'டக்' என்று உள்ளே விழுகிறது. திறப்பைப் போட்டுத் திருப்பினால் தாழ் பின்னுக்கு இழுக்கப்படும்.

இதிலிருந்து உடனே பயன்படும் இரண்டு விஷயம். திறப்புத் தொலைந்தபோது வீல் இன்னும் சுற்றுகிறது என்றால், தாழ் இன்னும் விழவில்லை. அதை ஆட்டிப் பார்க்காதீர்கள், யாரையும் ஆட்ட விடாதீர்கள். விழுந்துவிட்டால் காரைத் தள்ளி ஓரமாக்குவதுகூடத் தலைவலியாகிவிடும். ஏற்கனவே விழுந்திருந்தால், சக்கரம் நடைபாதை விளிம்பில் அழுத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் இருந்தால் தாழ் பள்ளத்தின் ஒரு சுவரில் இறுகிக் கிடக்கும். அந்த நிலையில் சரியான திறப்புகூடத் திரும்பாது. முன் சக்கரத்தை ஜக் வைத்து நிலத்திலிருந்து தூக்கினால் அந்த இறுக்கம் போய்விடும். புதுத் திறப்பு சரியில்லை என்று திறப்பு வெட்டியவரைத் திட்டுவதற்கு முன், ஒரு கையால் வீலை இரண்டு பக்கமும் மெல்ல அசைத்துக்கொண்டே திருப்பிப் பாருங்கள். பாதிச் சண்டை அதோடு தீரும்.

பேப்பர் சங்கதி

திறப்புத் தொலைந்ததும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாடு போட்டுவிடுங்கள். தெருவில் ஒரு காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்துக்கொண்டு ஒருவர் வேலை செய்வதைப் பார்த்தால் யாரும் 119க்கு அடிக்கத்தான் செய்வார்கள். கையில் முறைப்பாட்டுப் பிரதி, பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றும் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இங்கேதான் பலருக்குச் சிக்கல். நடுவில் ஸ்ரீ எழுத்துள்ள நம்பர் தகடு போட்ட கார்கள் பல, கையெழுத்து வைத்த மாற்றப் படிவத்தோடு 'ஓபன் பேப்பர்' என்று கைமாறி வந்தவை. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் இன்னும் மூன்றாம் ஆளின் பெயர் இருக்கும். திறப்பு எண்ணைக் கேட்டு வெளிநாட்டுக்கு எழுதும்போதும், கார் நிறுவனத்தின் முகவரிடம் போகும்போதும் முதலில் கேட்பது உரிமையைத்தான். பெயர் மாற்றாமல் வைத்திருப்பவருக்கு எண்ணைச் சொல்லித் திறப்பு வாங்கும் வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். பேப்பர் எதையும் கேட்காமல் வேலைக்கு வருகிறவரை நான் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன். அதே ஆள் அடுத்த வாரம் வேறு யாருக்காகவோ உங்கள் காரையும் கேள்வி கேட்காமல் திறப்பார்.

எண்ணை வைத்துத் திறப்பு

கிடைத்தால் இதைவிட நல்ல வழி இல்லை. தொழிற்சாலை அளவிலேயே வெட்டிய, தேய்மானம் இல்லாத திறப்புக் கிடைக்கும். காரில் ஒரு ஆணிகூடக் கழற்ற வேண்டாம்.

எண் எங்கே இருக்கும்? பழைய பிரிட்டிஷ் கார்களில் இக்னிஷன் சுவிட்சின் முகத்திலேயே அச்சிட்டிருப்பது வழக்கம். டோர்ச் அடித்துப் பார்த்தால் அழுக்குக்குக் கீழே தெரியும். மொரிஸ், ஒஸ்டின், ட்ரையம்ப் என்று பலவற்றுக்கும் வந்த எஃப்எஸ் வரிசைத் திறப்புகள் 876 முதல் 955 வரைதான், அதாவது மொத்தம் 80 வகை. இன்றும் இங்கிலாந்தில் எண்ணைச் சொல்லி வாங்கலாம். இங்கிலாந்து மச்சான் சொன்னது அதனால் வாய்ச்சவடால் இல்லை. வொக்ஸ்வாகன் பீட்டிலில் கதவுக் கைப்பிடியைக் கழற்றினால் பூட்டின் தண்டில் எண் இருக்கும். பழைய டொயோட்டா பலவற்றில் பயணி பக்கக் கதவுப் பூட்டின் உடம்பில் இருக்கும். பென்ஸ் என்றால் சேசி இலக்கத்தையும் உரிமைப் பத்திரத்தையும் காட்டி, முகவர் மூலம் ஜெர்மனியிலிருந்து வரவழைக்கலாம்.

குறை ஒன்றுதான், காத்திருப்பு. தபால், சுங்கம் என்று நாட்கள் போகும். கார் உங்கள் வீட்டு கராஜுக்குள் நின்றால் போகட்டும். காலி வீதியில் கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. இடையில் யாராவது பூட்டையோ கதவையோ மாற்றியிருந்தால், காத்திருந்து வாங்கிய அழகான திறப்பு எதையும் திறக்காது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

பூட்டைப் படித்துத் திறப்பு வெட்டுவது

என் அனுபவத்தில் கொழும்பில் பத்துக்கு ஏழு எட்டுக் கார் இந்த வழியில்தான் தீர்கிறது, குறிப்பாக ஜப்பான் கார்கள். காரணம், பெரும்பாலும் அவற்றில் கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே திறப்பு. ஸ்டியரிங் பூட்டின் உருளையை வெளியே எடுக்கப் பெரும்பாலும் திறப்பு வேண்டும், கதவுப் பூட்டைக் கழற்றத் திறப்பு வேண்டாம். கதவின் உள்பலகையை எடுத்தால் பூட்டைப் பிடித்திருக்கும் குதிரை லாட வடிவக் கிளிப் ஒன்று தெரியும். அதை இழுத்தால் பூட்டு கையோடு வந்துவிடும்.

வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் நின்ற டட்சன் ஒன்றுக்கு வந்த, திறப்பு வெட்டும் நானா ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். காரின் சொந்தக்காரப் பொடியன் ஆர்வத்தில் டிரைவர் பக்கக் கதவைக் கழற்றத் தொடங்கியிருந்தான். நானா வந்ததும் வராததுமாக, "தம்பி, அந்தப் பக்கம் வேணாம். மத்தக் கதவக் கழட்டுங்க" என்றார். டிரைவர் பக்கப் பூட்டு வருடக்கணக்காக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடியது. உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் தேய்ந்திருக்கும். அதைப் பார்த்து வெட்டினால் தேய்ந்த அளவில்தான் திறப்பு வரும், இக்னிஷனில் சண்டித்தனம் செய்யும். பயணி பக்கப் பூட்டை யார் தொடுகிறார்கள்? அதில் தகடுகள் புதுசு போல.

பூட்டை உள்ளங்கையில் கவிழ்த்து, வாய்க்குள் ஒரு கண்ணாடி வைத்துப் பார்த்தார். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. பெற்றோலில் கழுவி ஊதினார். வரிசையாக நிற்கும் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றிலும் துளை ஒவ்வொரு உயரத்தில். அந்த உயரம்தான் திறப்பில் வெட்டின் ஆழம். வெற்றுத் திறப்பை உள்ளே விட்டு, உருளையை மீறி வெளியே துருத்தும் தகடு எது என்று விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். அந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி விடுவார். எல்லாத் தகடும் உருளைக்குள் அடங்கி, மேலே விரலை ஓட்டினால் ஒன்றும் தட்டாமல் வழுக்கியபோது திறப்பு முடிந்தது. ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூட. இக்னிஷனில் போட்டு வீலை அசைத்தார், திரும்பியது.

கதவுக்கு வேறு திறப்பு, அல்லது கதவுப் பூட்டு எப்போதோ மாற்றியது என்றால் இந்தக் குறுக்குவழி இல்லை. அப்போது இக்னிஷன் பூட்டிலேயே தடம் எடுக்க வேண்டும். வெற்றுத் திறப்பின் விளிம்பை வழவழப்பாக்கி, உள்ளே விட்டு, கொஞ்சம் இறுக்கித் திருப்பி, வெளியே எடுத்துப் பார்த்தால் தகடுகள் இடித்த இடங்களில் ஊசி முனை அளவுப் புள்ளிகள் தெரியும். தெரிந்த இடத்தில் மட்டும் அரம். இது எல்லோருக்கும் வராது. புறக்கோட்டையிலும் மருதானையிலும் மெஷினில் பிரதி எடுத்துக் கொடுப்பவர்கள் நிறைய, தடம் எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. போனில் பேசும்போதே, "மூலத் திறப்பு இல்லாமல் வெட்டுவீங்களா, என்ன கார் செய்திருக்கிறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். கூலியையும் அப்போதே பேசுங்கள். வீட்டுக்கு வருவதற்குத் தனிக்காசு கேட்பார்கள், அது நியாயம். காரைக் கெரியரில் ஏற்றி அவரிடம் கொண்டுபோவதோடு ஒப்பிட்டால் அது மலிவு.

இந்த வழி தோற்கும் இடமும் உண்டு. வெற்றுத் திறப்பே கிடைக்காத கார், உள்ளே தகடு உடைந்த பூட்டு, யாரோ ஏற்கனவே ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குடைந்து வைத்த பூட்டு. மூன்றாவதைத்தான் அதிகம் காண்கிறோம்.

பூட்டு முழுவதையும் கழற்றி மாற்றுவது

ஸ்டியரிங் பூட்டு பெரும்பாலும் குழாயைச் சுற்றி இரண்டு பாதியாகக் கவ்வியிருக்கும். கவ்வலைப் பிடித்திருப்பவை தலை முறியும் போல்ட்கள். தொழிற்சாலையில் இறுக்கும்போது ஒரு அளவுக்கு மேல் போனதும் தலை தானாக முறிந்து விழும், மிஞ்சுவது வழவழப்பான ஒரு முண்டம். ஸ்பானர் பிடிக்க இடம் இல்லாதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்தது. ஆகவே 'நாலு போல்ட், பத்து நிமிஷம்' என்று யாராவது சொன்னால் அவர் அந்தக் காருக்குக் கீழே படுத்தவர் இல்லை.

நல்ல மெக்கானிக் பற்றரியைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்குவார். முண்டத்தின் நடுவில் புள்ளி குத்தி, துளையிட்டு, இடது மரைக் கருவியால் திருப்பி எடுப்பார். இடம் இருந்தால் சின்னச் சக்கரத்தால் ஒரு கோடு கீறி, ஸ்க்ரூ டிரைவருக்குப் பிடி உண்டாக்குவார். சிலர் உளியை ஓரத்தில் சாய்த்து வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டித் திருப்புவார்கள். அது பல கார்களில் வேலை செய்யும், ஆனால் எனக்கு அதில் பயம். 1960களின் இறுதிக்குப் பிறகு வந்த பல கார்களில் ஸ்டியரிங் குழாயும் தண்டும் விபத்தில் டிரைவரின் நெஞ்சைக் குத்தாமல் உள்ளே மடங்கும்படி செய்தவை. சிலவற்றில் அந்த இணைப்பைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் ஆணிகள்தான். அதன் மேல் சுத்தியல் விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து வீல் லொடலொட என்று ஆடத் தொடங்கும்போது யாருக்கும் இன்றைய தட்டல் ஞாபகம் வராது.

இந்த வழியின் பெரிய நன்மை, முடிவு நிச்சயம் என்பது. பூட்டு எவ்வளவு கெட்டிருந்தாலும் கழன்றுவிடும், தண்டுக்குச் சேதம் இல்லை, அதே இடத்தில் வேறொன்றைப் பொருத்தலாம். தொலைந்த திறப்பு கெட்ட கையில் சிக்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், பழைய திறப்பைச் செல்லாமல் ஆக்குவதும் இதுதான்.

மாற்றுப் பூட்டுக்கு பஞ்சிகாவத்தைதான். கொரோலா, சன்னி, லான்சர் போன்றவற்றுக்குத் திறப்போடு கழற்றிய செட் கிடைக்க வாய்ப்பு அதிகம். கதவுப் பூட்டுகளும் சேர்ந்த முழு செட்டாகக் கிடைத்தால் அதையே எடுங்கள், இல்லாவிட்டால் கதவுக்கு ஒன்று, ஸ்டார்ட்டுக்கு ஒன்று என்று இரண்டு திறப்போடு திரிய வேண்டும். பேஜோ, பீட்டில், பிற்கால மினி என்றால் கொஞ்சம் அலைய வேண்டும். கடையில் வைத்தே மூன்று விஷயம் பாருங்கள். திறப்பைப் போட்டு எடுத்தால் தாழ் வெளியே வந்து, மறுபடி திருப்பினால் முழுதாக உள்ளே போகிறதா? உங்கள் குழாயின் தடிப்புக்குக் கவ்வல் பொருந்துமா? பின்னால் உள்ள மின் சுவிட்சின் வயர்கள் உங்களுடையதோடு ஒத்துப்போகுமா? பழைய பூட்டைக் கையில் கொண்டுபோகாமல் இந்தக் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. பொருத்தும்போது புதுத் தலை முறியும் போல்ட் போடச் சொல்லுங்கள். சாதாரண போல்ட்டைப் போட்டால் பிறகு கழற்ற வசதிதான், திருடனுக்கும் அதே வசதி.

துளைத்து அழிப்பது

பரலை, அதாவது திறப்புப் போகும் உருளையை, துளைப்பது கடைசி வழி. சில கார்களுக்கு அதுதான் ஒரே வழி. பென்ஸ் டபிள்யூ 123 இதற்குப் பேர்போனது: பரலைச் சுத்தமாக வெளியே எடுக்கத் திறப்பை முதல் நிலைக்குத் திருப்ப வேண்டும். பூட்டிய நிலையில் தகடுகள் சிக்கிவிட்டால் கையில் அசல் திறப்பு இருந்தும் பயன் இல்லை. பென்ஸ்காரர்கள் திறப்புக் கொஞ்சம் கனக்கத் தொடங்கியதுமே பரலை மாற்றிவிடுவது அதனால்தான்.

துளைத்த பிறகுதான் உண்மையான ஆபத்து வருகிறது. தாழைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருந்தது பரலோடு சேர்ந்த ஒரு துண்டு. பரல் போய்விட்டால் அந்தப் பிடியும் போய்விடலாம். தாழ் ஸ்பிரிங்கின் தயவில் இருக்கும். கார் ஓடும், வீல் சுற்றும், எல்லாம் சரி போலத் தெரியும். பேஸ்லைன் வீதியில் ஒரு வளைவில் பள்ளம் நேராக வரும்போது தாழ் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. "இப்போதைக்கு இப்படியே ஓட்டுங்க, பிறகு பார்க்கலாம்" என்று மெக்கானிக் சொன்னால் அந்தக் காரில் ஏறாதீர்கள். தாழை முழுதாக வெளியே எடுக்க வேண்டும், அல்லது பூட்டையே மாற்ற வேண்டும். நடுவில் ஒரு நிலை கிடையாது. துளைத்த உலோகத் தூளையும் மிச்சம் இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள், அது மின் சுவிட்சுக்குள் போனால் தனிக்கதை.

முறுக்கி உடைப்பதைப் பற்றி: தாழ் நல்ல இரும்பு. இரண்டு பேர் தொங்கினால் தாழுக்கு முன் வேறு ஏதாவது போகும். பூட்டின் வார்ப்பு வெடிக்கும், தண்டு முறுகும், வீலின் கம்பி வளையும், கீழே ஸ்டியரிங் பெட்டிக்கும் அடி விழும். தாழ் உடைந்தாலும் உடைந்த துண்டு உள்ளேதான் கிடக்கும்.

லொக்கே இல்லாமல் விட்டால் என்ன?

கழற்றியாயிற்று, மாற்றுக் கிடைக்கவில்லை, சுவிட்சை மட்டும் டாஷ்போர்டுக்குக் கீழே வைத்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தற்காலிகமாக, சுத்தமாகக் கழற்றியிருந்தால், ஓட்டுவதற்கு ஆபத்து இல்லை. மொரிஸ் மைனர் காலமெல்லாம் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் பிரிட்டனில் நடந்தது ஒன்று. 1971இல் அங்கே புதுக் கார்களுக்கு மட்டும் லொக்கைக் கட்டாயமாக்கினார்கள். திருடர்கள் புதுக் கார்களை விட்டு, லொக் இல்லாத பழைய கார்கள் பக்கம் போனார்கள். எல்லாக் காருக்கும் ஒன்றாகப் போட்ட ஜெர்மனியில் கார்த் திருட்டே குறைந்தது. லொக் இல்லாத கார் தெருவில் தனித்து நிற்கும் கார்.

ஆகவே லொக்கை விட்டால் அதன் இடத்தில் வேறொன்று வேண்டும். பற்றரிக்கு மறைவான கட்ஓஃப் சுவிட்ச் வைப்பது மலிவு, பழைய வயரிங்குக்கும் நல்லது. வீலில் மாட்டும் தடிப் பூட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள், பிறகு கோரிக்கை வைக்கும்போது அசல் லொக் இல்லையே என்று அவர்கள் கண்டுபிடிப்பதைவிட அது மேல்.

யாருக்கு எது

கார் வீட்டில் நிற்கிறது, பூட்டு நல்ல நிலையில், பெயர் மாற்றிய பேப்பர் கையில் என்றால் எண்ணைத் தேடுங்கள், அவசரம் வேண்டாம். ஜப்பான் கார், தெருவில் நிற்கிறது என்றால் கதவுப் பூட்டைக் கழற்றித் திறப்பு வெட்டத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். தொலைவதற்கு முன்பே திறப்பு சிக்கிச் சிக்கித் திரும்பிக்கொண்டிருந்தது என்றால், புதுத் திறப்புக்குக் காசு கொடுத்து அதே நோயைத் தொடர வேண்டாம், பூட்டை மாற்றுங்கள். திறப்புக் கைப்பையோடு பறிபோனது, பையில் விலாசமும் இருந்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றத்தான் வேண்டும். மாற்றுப் பூட்டே கிடைக்காத அபூர்வக் காராக இருந்தால், பூட்டைக் கழற்றி உள்ளே உள்ள தகடுகளை மட்டும் மாற்றி அடுக்கி, அதே பூட்டுக்கு வேறு திறப்பு வெட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கூலி கூடும், காரின் முகம் மாறாது.

காரை இடம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், பூட்டிய ஸ்டியரிங்கோடு கயிறு கட்டி இழுப்பதை நினைக்கவும் வேண்டாம். முன் சக்கரங்களுக்குக் கீழே உருளைத் தட்டு வைத்து, தட்டையான கெரியரில் ஏற்றச் சொல்லுங்கள். கூப்பிடும்போதே 'ஸ்டியரிங் லொக் விழுந்திருக்கு, சக்கரம் வலப்பக்கம் திரும்பி நிற்குது' என்று சொன்னால் அவர்கள் தட்டோடு வருவார்கள். சொல்லாவிட்டால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் இரண்டு தடவைக்குக் காசு கேட்பார்கள்.

எந்த வழியில் முடிந்தாலும், தெருவுக்கு இறங்குவதற்கு முன் நின்ற இடத்திலேயே இக்னிஷனைப் போட்டு, வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்லச் சில தடவை சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒரு புள்ளியில் லேசாக உரசினாலும் தாழ் முழுதாகப் பின்வாங்கவில்லை என்று அர்த்தம், கராஜை விட்டு நகராதீர்கள். புதுத் திறப்பிலிருந்து உடனே இரண்டு பிரதி எடுங்கள், அதுவும் அந்த முதல் திறப்பிலிருந்தே, பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் ஒவ்வொரு முறையும் அளவு கொஞ்சம் விலகும். முதல் திறப்பை வீட்டில் வைத்துவிட்டுப் பிரதியோடு ஓட்டுங்கள். பூட்டுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்தி, பென்சில் கரித்தூளைப் போட்டுப் பழகுங்கள். கடலோரத்து உப்பும் தூசியும் எண்ணெயோடு சேர்ந்தால் உள்ளே பசையாகிவிடும்.